நாலு நிமிச நோய்: லண்டன் பாதாளக் கோச்சியும் ஏறாவூரான் பொறுமையும் குறித்த ஓர் ஆய்வு

பொறுமை மனிதனின் குணம் என்பது அறநூல்களின் கட்சி. அது புகையிரத நேரசூசியின் குணம் என்பது இவ்வாய்வின் கட்சி. மட்டக்களப்புப் பக்கத்து ஏறாவூர் ஸ்டேசனில் ஒன்றரை மணித்தியாலம் முகம் கோணாமல் குந்தியிருக்கும் ஒருவர், லண்டனில் நாலு நிமிசம் நிற்க நேர்ந்தால் "ச்சிக்" என்று நாக்கைத் தட்டிவிட்டு மேலே பார்க்கிறார். மேலே வானமும் கிடையாது, சுரங்கத்தின் முகடுதான். ஆள் அதே ஆள். சட்டைப்பையிலிருக்கிற பிரஷர் குளிசையும் அதே குளிசை. மாறியது கோச்சி மட்டும்.

இதற்கு நாலு நிமிச நோய் என்று இக்கட்டுரை பெயரிடுகிறது. நோயின் தோற்றத்தையும் அறிகுறிகளையும், அதற்குள்ளேயே மறைந்து கிடக்கும் ஒருவகைக் காதலையும் ஆராய்வது நோக்கம். எந்தப் பல்கலைக்கழகமும் நிதி தரவில்லை. களச்செலவு முழுவதையும் மச்சானின் மேலதிக ஒய்ஸ்டர் பயண அட்டை பொறுப்பேற்றது.

களமும் தகவலாளியும்

தகவலாளி ஒருவரே. மாதிரி போதாது என்று புள்ளிவிபரக்காரர் முகம் சுளிக்கலாம். ஆனால் கோச்சி என்று வந்துவிட்டால் அவர் ஒரு பெட்டி சனத்தின் கதையைத் தனியாளாகக் கதைக்கக்கூடியவர். இவ்வாய்வாளரின் மனைவிக்கு மூத்த காக்கா, அதாவது அண்ணன்; ஆகவே இவ்வாய்வாளருக்கு மச்சான். ஏறாவூரில் பிறந்தார், ஈஸ்ட் ஹாமில் குடியிருக்கிறார், ஹோபர்ன் பக்கம் வேலை. ஆய்வு நெறி கருதிப் பெயர் தவிர்க்கப்படுகிறது. குடும்ப சமாதானமும் ஒரு காரணம்.

இராச்சாப்பாட்டு மேசையில் இடியப்பம் வருமுன்னே பாதாளக் கோச்சிக்கு ஏச்சு வந்துவிடும். நெரிசல், புழுக்கம், சிக்னல் கோளாறு, டிக்கட் விலை. மரியாதைக்கு இவ்வாய்வாளரும் ஒத்து ஊதி, "அப்ப எங்கட உதயதேவியே பரவாயில்லப் போல" என்று கொழும்பு–மட்டக்களப்புக் கோச்சியை நினைத்துச் சொல்லிவைத்தார். உடனே மச்சான் கட்சி மாறினார்.

"சும்மா வாய்க்கு வந்தபடி கதைக்காதீங்க மச்சான். 1863ல ஓடத் தொடங்கின கோச்சி இது."

ஏசியவரே வக்கீலாக எழும்பி நின்ற அந்தக் கணத்தில்தான் இவ்வாய்வுக்குக் கரு விழுந்தது.

அவர் சொன்ன ஆண்டு சரி. 1863 ஜனவரி 10ஆம் திகதி பாடிங்டனுக்கும் ஃபாரிங்டனுக்கும் இடையே உலகின் முதல் சுரங்கப் பயணிகள் புகையிரதம் ஓடியது. அதுவும் நீராவி எஞ்சினில், சுரங்கத்துக்குள்ளேயே புகை கக்கிக்கொண்டு. இலங்கையும் அப்படியொன்றும் பின்தங்கிவிடவில்லை. 1864 டிசம்பர் 27இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு முதல் கோச்சி போய்விட்டது. ஆனால் தண்டவாளம் மட்டக்களப்பை வந்தடைய 1928 ஆனது. கொழும்பில் வெளிக்கிட்ட கோச்சி மட்டக்களப்புக்கு வர 64 வருசம். உதயதேவியின் பிற்காலத் தாமதங்களை எல்லாம் இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவை பெரும் முன்னேற்றம் என்றே படும்.

முதல் களப்பயணம் ஏமாற்றத்தில் தொடங்கியது. ஈஸ்ட் ஹாம் ஸ்டேசன் திறந்தவெளியில் இருக்கிறது. பாதாளம் பார்க்கப் போனவருக்கு யன்னலில் தெரிந்தது வீட்டுப் பின்வளவுக் கொடிகளில் காயும் உடுப்பு. 402 கிலோமீற்றர் வலையமைப்பில் ஏறத்தாழ 55 வீதம் நிலத்துக்கு மேலேதான் ஓடுகிறது என்ற உண்மையை மச்சான் முன்கூட்டிச் சொல்லவில்லை. போ றோட் கிட்ட வரும்போதுதான் கோச்சி மண்ணுக்குள் தலையை நுழைத்தது. காது இரண்டும் அடைத்தன.

எழுவானும் படுவானும் இல்லாத இடம்

மட்டக்களப்பு வாவிக்கரையில் வளர்ந்தவருக்குத் திசையைக் கொடுப்பது சூரியனும் தண்ணீரும். வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரை, அந்தப் பக்கம் படுவான்கரை. பகலில் ஒருவர் வழிதவற வேண்டுமென்றால் அதற்கென்றே முயற்சி எடுக்க வேண்டும். பாதாளத்தில் எழுவதுமில்லை, படுவதுமில்லை. "மேற்கு நோக்கி", "வடக்கு நோக்கி" என்று பலகை சொல்கிறது, நீங்கள் ஈமான் கொள்ள வேண்டியதுதான். அந்தப் பலகைகளின் நம்பகத்தன்மைக்கு ஒரு சான்று: வடக்குக் கோடு என்று பெயர் வைத்த நார்தர்ன் லைன்தான் முழு வலையமைப்பிலும் ஆகத் தெற்கே கிடக்கிற மோர்டன் ஸ்டேசன் வரைக்கும் போகிறது.

இந்தக் குழப்பத்துக்கு மருந்தாக வந்தது ஹாரி பெக்கின் வரைபடம். மின்சுற்றுப் படங்கள் கீறிப் பழகிய கை அது. 1931இல் கீறினார், 1933இல் அச்சாகிச் சனத்தின் கைக்கு வந்தது. கோடுகள் எல்லாம் நேர், அல்லது 45 பாகைச் சரிவு. தூரம் என்ற சங்கதியையே தூக்கி எறிந்துவிட்டார். பூமியில் இருப்பவற்றில் அவர் விட்டுவைத்தது தேம்ஸ் ஆறு ஒன்றை. வாவிக்கரை வாசகருக்கு அது ஒரு சின்ன ஆறுதல்.

விளைவைப் பாருங்கள். லெஸ்டர் ஸ்குவயருக்கும் கோவன்ட் கார்டனுக்கும் இடைத்தூரம் ஏறத்தாழ 260 மீற்றர். ஏறாவூரில் வெற்றிலை வாங்கப் போய்வருகிற தூரம். படத்தில் அது மற்ற ஸ்டேசன்களைப் போலவே கௌரவமான இடைவெளியோடு நிற்கிறது. ஆகவே சனம் காசு கொடுத்துக் கீழே இறங்கி, ஏறி, இறங்கி, மறுகா மேலே வருகிறது. கோவன்ட் கார்டனில் லிப்டுக்கு நிற்கப் பொறுமையில்லாதவருக்கு 193 படிகள் இருக்கின்றன. பதினைந்து மாடிக்குச் சமம் என்று எச்சரிக்கையும் மாட்டியிருக்கிறார்கள். எச்சரிக்கையை வாசித்துவிட்டே ஏறுகிறார்கள். பாதிவழியில் சுவரில் கைவைத்து நின்று, அடுத்தவர் பார்த்துவிடுவாரோ என்று போனைப் பார்ப்பதுபோல் மூச்சு வாங்குகிறார்கள்.

இதில் சிரிப்புக்கு அப்பாற்பட்ட ஆய்வும் ஒன்று உண்டு. 2014 பெப்ரவரியில் பாதாளக் கோச்சி ஊழியர் வேலைநிறுத்தம் செய்து சில ஸ்டேசன்கள் மூடப்பட்டன. ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பொருளியலாளர்கள் பயணிகளின் அட்டைத் தரவை எடுத்து, வேலைநிறுத்தத்துக்கு முன்னும் பின்னும் யார் எந்த வழியால் போனார்கள் என்று பார்த்தார்கள். வேறுவழி தேட நிர்ப்பந்திக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ இருபதுக்கு ஒருவர், வேலைநிறுத்தம் முடிந்த பிறகும் புதிய வழியிலேயே போனார். அதாவது அவ்வளவு காலமும் அவர்கள் தங்களுக்குப் பொருந்தாத வழியில் வேலைக்குப் போய்வந்திருக்கிறார்கள், பெக்கின் படம் தூரத்தைத் திரித்துக் காட்டிய இடங்களில் இன்னும் கூடுதலாக. காதலுக்குக் கண்ணில்லை என்பதற்கு ஒய்ஸ்டர் அட்டை அளித்த சாட்சியம் இது.

தகவலாளியிடம் இதைப் பற்றி வினவப்பட்டது.

"நானும் அந்தமாதிரி ஸ்ட்ரைக்குக்குள்ள நல்ல வழி ஒண்டு கண்டன் மச்சான். பத்து நிமிசம் மிச்சம்."

"இப்ப அதாலயா போற?"

"இல்ல."

"ஏன்?"

"அதுல எனக்கு ஆக்களப் பழக்கமில்ல."

பழைய வழியில் யாரோடு பழக்கம் என்று கேட்டதற்கு, ஒருவரோடும் ஒரு சொல்லும் பேசியதில்லை என்றார். இந்த விடயத்துக்குக் கட்டுரை பின்னர் வரும்.

மைல் எண்ட் பரிசோதனை

மைல் எண்டில் டிஸ்ட்ரிக்ட் கோச்சியை விட்டு இறங்கி, மேடையின் மற்றக் கரைக்கு நாலு எட்டு வைத்தால் சென்ட்ரல் கோச்சி. படி ஏறத் தேவையில்லை, கிறுகி நின்றால் போதும். இவ்வளவு வசதி செய்துகொடுத்த இடத்தில்தான் நோயின் அறிகுறிகள் மிகத் தெளிவாகத் தென்பட்டன.

மின்பலகை நாலு நிமிசம் என்றது. முதலில் நாக்குத் தட்டல். அடுத்து, தலையை நீட்டிச் சுரங்க வாய்க்குள் எட்டிப் பார்த்தல். பார்த்தால் கோச்சி வெட்கப்பட்டு வந்துவிடும் என்ற நம்பிக்கை. அடுத்து, பலகையை இன்னொருமுறை வாசித்தல். கீழே தண்டவாளங்களுக்கிடையில் கரிநிறச் சுண்டெலி ஒன்று சாவகாசமாகத் திரிந்தது. மச்சான் அதையும் முறைத்தார். பிறகு சுரங்கத்திலிருந்து வெதுவெதுப்பான காற்று ஒன்று இரும்புத்தூள் மணத்தோடு முகத்தில் அடித்தது, எலி காணாமல் போனது, கோச்சி வந்தது. பலகை சொன்ன நேரத்துக்கே வந்தது. "பாத்தீங்களா, இதுதான் இஞ்ச கூத்து" என்றபடி ஏறினார்.

ஒப்பீட்டுக்கு, அதே தகவலாளி லீவில் ஊருக்கு வந்திருந்தபோது ஏறாவூர் ஸ்டேசனில் பதிவான நடத்தை. கொழும்பிலிருந்து அவருடைய ராத்தா, அதாவது அக்கா, வருகிறா. காலையில் கோட்டையில் வெளிக்கிட்ட உதயதேவி பின்னேரம் வர வேண்டும். "இன்னும் வெலிக்கந்தை தாண்டல்ல" என்று உள்ளேயிருந்து ஒரு குரல். மச்சான் கச்சான் வாங்கினார். ஒவ்வொன்றாக உடைத்து, கோதை ஒரு பக்கமாகக் குவித்து, பக்கத்து வாங்கில் இருந்தவரின் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற கதையில் தலையிட்டு, ஓட்டமாவடியில் ஒரு பொடியன் இருப்பதாகத் தகவலும் கொடுத்தார். வெயில் மேடையின் ஒரு நுனியிலிருந்து மறுநுனிக்கு நகர்ந்தது. கோச்சி கடைசியில் தூரத்தில் ஊதியபோது, "இண்டைக்கு வெள்ளன வந்துட்டே" என்று எழும்பி, கதை அரைவாசியில் நின்றதற்கு உண்மையிலேயே வருந்தினார்.

உதயதேவி பிந்துவதற்கு நியாயங்கள் உண்டு. மாகோவிலிருந்து இங்கு வருவது ஒற்றைத் தண்டவாளம். எதிரே ஒன்று வருகிறதென்றால் இது ஏதாவதொரு ஸ்டேசனில் ஒதுங்கி நிற்க வேண்டும்; அது வந்து, வழி விட்டுத்தான் இது புறப்படும். கல்லோயாவுக்கும் மின்னேரியாவுக்கும் இடையில் யானைக்காக மெதுவாகப் போக வேண்டும். 2025 பெப்ரவரியில் அந்தப் பக்கத்தில் மட்டக்களப்பிலிருந்து போன மீனகயா கோச்சி மோதி ஆறு யானைகள் செத்துப்போனபின், மெதுவாகப் போகிறதே என்று குறைசொல்ல யாருக்கும் வாய் வராது. லண்டன் பாதாளத்தில் போக ஒரு துளை, வர ஒரு துளை. யானையும் இல்லை. விக்டோரியா கோட்டில் காலை நெரிசலில் மணித்தியாலத்துக்கு 36 கோச்சி, அதாவது 100 செக்கனுக்கு ஒன்று. ஆனால் உலகத்திலேயே கதவு மூடும்போது பாய்ந்து விழுந்து, பையைக் கதவிடுக்கில் கொடுத்து, அதை இழுத்தெடுக்கிற சனம் அந்தக் கோட்டில்தான் இருக்கிறது. 100 செக்கன் அவர்களுக்கு நீளம்.

இதிலிருந்து விதி பிறக்கிறது: பயணியின் கோபம், இரு கோச்சிகளுக்கு இடையிலுள்ள நேரத்துக்கு நேர்மாறு விகிதமானது. இடைவெளி குறையக் குறையக் கோபம் ஏறும். இடைவெளி ஒரு நாளாக இருந்தால் கோபம் கச்சானாக மாறிவிடும்.

இடைவெளி வருசக்கணக்கானால்? யுத்த காலத்தில் மட்டக்களப்புக்குக் கோச்சியே வராமல் வருசங்கள் போயின. ஏறாவூர் மேடையில் புல் முளைத்துக் கிடந்ததைக் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் காலத்துக்கு இவ்விதியைப் பொருத்திப் பார்க்க இவ்வாய்வாளருக்கு விருப்பமில்லை. பிந்தி வருகிற கோச்சியையும் வந்த கோச்சியாகப் பார்க்கும் கண் அந்த வருசங்களில்தான் ஊருக்கு வாய்த்தது என்று மட்டும் சொல்லி, கட்டுரை அடுத்த ஸ்டேசனுக்குப் போகிறது.

வெக்கையும் சத்தமும் நுளம்பும்

சென்ட்ரல் கோடு 1900இல் திறந்தபோது, சுற்றியிருந்த களிமண்ணின் வெப்பநிலை ஏறத்தாழ 14 பாகை செல்சியஸ். கோடைக்கு இதமான இடம் என்று அந்தக் காலத்தில் விளம்பரமே செய்திருக்கிறார்கள். ஆனால் கோச்சி பிரேக் பிடிக்கிற ஒவ்வொரு தடவையும் வெளிவந்த சூட்டை, நூறு வருசத்துக்கு மேலாக அந்தக் களிமண் குடித்துக்கொண்டே இருந்தது. இப்போது அதற்குப் போதும். மண்ணே 20 பாகையைத் தாண்டிவிட்டது. கோடையில் பெட்டிக்குள் 30 பாகையும் கடக்கும். ஏறாவூர் வெயிலுக்குப் பயந்து குளிர்தேசம் போய், அங்கே குளிருக்குப் பயந்து கோட்டு வாங்கி, அந்தக் கோட்டோடு மண்ணுக்கடியில் வேர்த்து வடிகிற மனிதனின் நிலையை விளக்கச் சமூகவியலில் இன்னும் கோட்பாடு இல்லை.

பெட்டியின் அமைப்பும் அனுதாபத்துக்குரியது. சுரங்கக் குழாயின் குறுக்களவு மூன்றரை மீற்றர் சொச்சம். அதற்குள் அடங்க வேண்டுமே என்று பெட்டியின் மேற்பக்கம் வளைந்திருக்கிறது, கதவும் கூடவே வளைந்திருக்கிறது. கதவோரம் நிற்பவர் உயரமானவரென்றால் ஹோபர்ன் வரும்வரை கழுத்தைச் சரித்துக்கொண்டு, எதையோ ஒட்டுக்கேட்பவர்போல நிற்க வேண்டும். நம்முடைய தண்டவாள அகலம் 1676 மில்லிமீற்றர், அவர்களுடையது 1435. வெள்ளைக்காரன் தன்னுடையதைவிட அகலமான பாதையை நமக்குப் போட்டுத் தந்துவிட்டுப் போயிருக்கிறான். இதை மச்சானிடம் சொன்னபோது முதன்முறையாகப் பேச்சு மூச்சில்லை. பெத்னல் கிறீனுக்கும் லிவர்பூல் ஸ்ட்ரீட்டுக்கும் இடையில் கோச்சி போட்ட கூச்சலும் அதற்கொரு காரணமாக இருக்கலாம். அந்தத் துண்டில் 100 டெசிபலுக்கு மேல் அளந்திருக்கிறார்கள். வாவியில் மீன் பாடுவதைக் கேட்க நிலா வெளிச்சத்தில் வள்ளத்தில் போய், துடுப்பைத் தண்ணீரில் இறக்கிக் காதுவைத்துக் கேட்கிற ஊர்க்காரனுக்கு, காதைப் பொத்திக்கொண்டு கேட்கிற சங்கீதம் புதிது.

நுளம்பு விடயத்தில் இவ்வாய்வாளர் பிறவி நிபுணர். இரண்டாம் உலகப் போரில் குண்டுக்குத் தப்பி லண்டன் ஸ்டேசன்களில் படுத்த சனத்தை ஒரு நுளம்பு கடித்து வதைத்தது. மொலெஸ்டஸ் என்று பெயர். 1990களில் அறிவியலாளர் அதை ஆராய்ந்த பிறகு, பாதாளத்துக்குள்ளேயே நூறு வருசத்தில் உருவான தனி இனம் என்று பத்திரிகைகள் கொண்டாடின. லண்டன்காரருக்கும் ஒரு பெருமை. 2025இல் "சயன்ஸ்" சஞ்சிகையில் வந்த ஆய்வு அதைக் கலைத்துவிட்டது. மரபணுவைப் பார்த்தால் அது ஆயிரம் வருசங்களுக்கு முன்பே மத்தியதரைக்கடல் பக்கம், பெரும்பாலும் எகிப்தில், மனிதரோடு வாழப் பழகிய நுளம்பாம். பாதாளத்துக்குப் பிறகுதான் குடிவந்திருக்கிறது. மச்சானுக்கு இந்தச் செய்தி மிகவும் பிடித்துக்கொண்டது. "அப்ப அதுவும் நம்மளப்போல வந்த ஆள்தான்" என்றார்.

சோத்தங்கைப் பக்கச் சட்டம்

ஹோபர்ன் நகரும் படியில் காலை வைத்தவுடன் மச்சான் தோளில் தட்டினார். "சோத்தங்கைப் பக்கம் நில்லுங்க. மத்தப் பக்கம் நடக்கிற ஆக்களுக்கு." பின்னால் ஒரு தொண்டைச் செருமல் ஏற்கெனவே கேட்டுவிட்டது. லண்டனில் ஒருவர் இன்னொருவர்மீது செலுத்தக்கூடிய உச்சபட்ச வன்முறை அதுவே.

1911இல் ஏர்ல்ஸ் கோர்ட்டில் முதல் நகரும் படி வந்தது. வலப்பக்கம் நில், இடப்பக்கம் நட என்ற வழக்கம் பிறகு மதமாகவே ஆகிவிட்டது. 2015 கடைசியில் ஹோபர்னில் ஒரு பரீட்சை வைத்தார்கள்: இரண்டு பக்கமும் எல்லோரும் நில்லுங்கள். உயரமான படியில் நடந்து ஏறுகிறவர்கள் குறைவு, ஆகவே இடப்பக்கம் வீணாகக் கிடக்கிறது என்பது கணக்கு. கணக்குச் சரியாக வந்தது. நெரிசல் நேரத்தில் சுமார் 30 வீதம் கூடுதலான சனம் மேலே போனது. 2016இல் இன்னும் நீட்டிப் பார்த்தார்கள். சனம் கொதித்தது. கடைசியில் பழைய வழக்கமே நிலைத்தது. எல்லோரும் நின்றால் எல்லோரும் வெள்ளனப் போகலாம் என்று எண்கள் காட்டினாலும், தான் நடந்துதான் ஆகவேண்டும் என்பவரின் உரிமைக்காக ஊரே வரிசையில் நிற்கிறது. உதயதேவியின் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு வருபவரும் உள்ளே இடமிருந்தாலும் உள்ளே போகமாட்டார். இந்த விடயத்தில் இரு நாகரிகங்களுக்கும் பெரிய வித்தியாசமில்லை.

வாய் திறவாமை

உதயதேவியில் பொல்காவலை வருமுன் பக்கத்து இருக்கைக்காரரின் ஊர், தொழில், பிள்ளைகள் எத்தனை, மூத்தவர் எந்த நாட்டில் என்பது தெரிந்துவிடும். பொலன்னறுவை வருவதற்குள் அவர் வீட்டுக் காணிப் பிரச்சினைக்குத் தீர்ப்பும் சொல்லியாயிற்று. இடையில் வடைக்காரர் ஏறுவார், கச்சான்காரர் இறங்குவார். பாதாளக் கோச்சியில் ஆட்கள் முழங்காலோடு முழங்கால் இடிக்க எதிரெதிரே இருந்து, எதிரே இருப்பவரின் தலைக்குமேல் ஒட்டியிருக்கும் விளம்பரத்தைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படிக்கிறார்கள். 1986 தொடக்கம் அந்த இடத்தில் கவிதைகளையும் ஒட்டி வருகிறார்கள். கவிதைக்கு இவ்வளவு கவனமான வாசகர் வேறெங்கும் கிடையாது. அவர்கள் தப்பியோட வழியில்லாதவர்கள்.

2016 செப்டெம்பரில் ஒரு அமெரிக்கர், "கதைப்போமா?" என்ற பொருளில் வாசகம் பொறித்த சட்டை வில்லைகளைச் செய்து பயணிகளிடம் விநியோகித்தார். விரும்பியவர் அணியலாம், அணிந்தவரோடு அணிந்தவர் கதைக்கலாம். ஊர் நடுங்கியது. அந்த எண்ணமே வேண்டாம் என்ற பொருளில் எதிர் வில்லைகள் வந்தன. குண்டுமழைக்கு அஞ்சாத நகரம் ஒரு "எப்படி இருக்கிறீங்க"வுக்கு அஞ்சியது.

பழைய வழியில்தான் ஆட்களோடு பழக்கம் என்று மச்சான் சொன்னதன் பொருள் இங்கேதான் விளங்கியது. ஒரு காலை, லிவர்பூல் ஸ்ட்ரீட் தாண்டியதும் அவர் மெதுவாகச் சாடை காட்டினார். பச்சைப் பையோடு ஒரு கிழவர். "இவரு சான்சரி லேன்ல இறங்குவாரு பாருங்க." இறங்கினார். "போன மாரி ரெண்டு கிழமை காணல்ல. மவுத்தாயிட்டாரோ எண்டு யோசிச்சன். மறுகா வந்துட்டாரு." பேரென்ன என்று கேட்டதற்கு, மச்சான் இவ்வாய்வாளரை ஒரு நாகரிகமற்றவரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

எலிசபெத் சிக்கல்

2022 மே 24இல் எலிசபெத் கோடு திறந்தது. கணக்குப்படி அது பாதாளக் கோச்சியின் 11 கோடுகளில் சேராது. 200 மீற்றருக்கு மேல் நீளமான கோச்சி, உயரமான பெட்டி, குளிரூட்டி, கிறீச்சிடல் இல்லை, நடுநகரத்து ஸ்டேசன்களில் மேடைக்கும் தண்டவாளத்துக்கும் இடையில் கண்ணாடிக் கதவு. சுண்டெலிக்குக்கூட அனுமதியில்லை. மச்சான் இதுவரை முறைப்பாடு செய்த ஒவ்வொரு விடயத்துக்கும் ஒருவர் உட்கார்ந்து பதில் எழுதியதுபோல் இருந்தது. ஆய்வின் இறுதிக் கட்டமாக அவரை அதில் ஏற்றி, பாடிங்டனிலிருந்து ஃபாரிங்டனுக்குக் கூட்டிப்போகத் தீர்மானிக்கப்பட்டது. 1863இல் புகைக்குள் போன கோச்சியின் அதே இரு முனைகள்.

இடமிருந்தது. இருந்தார். விளம்பரத்தைத் தேடினார். எதிரே யாருமில்லாததால் படிக்கவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, எதற்கோ காத்திருப்பவர்போல் யன்னலையே பார்த்தார். டொட்டன்ஹாம் கோர்ட் றோட் வந்தபோது கோட்டின் சிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டார்.

"என்ன மச்சான்?"

"குளிருது. பேசாம சென்ட்ரல்ல வந்திருக்கலாம்."